ஏழை வீட்டுச் சுவருக்கு லட்சுமியை அனுப்பியவர்: ஓவியர் ரவிவர்மாவின் வாழ்க்கை

ஹிஞ்சேவாடியில் வானளாவ நிற்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்களுக்குப் பின்புறம், நம்மவர்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் அறை ஒன்றுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். கட்டிட வேலைக்கு வந்தவர்கள் மூவர். கேன்டீன் வேலை இருவர். ஒருவர் குமாஸ்தா. அறையில் நாற்காலி கிடையாது. மேஜை கிடையாது. சுவரில் ஒரு படம் மட்டும் இருந்தது.

தாமரையில் நிற்கும் லட்சுமி. நான்கு கை. சிவப்புச் சேலை. பக்கத்தில் தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் யானை. நம் எல்லோருக்கும் பழக்கமான படம்தான்.

இதை யார் வரைந்தது என்று கேட்டேன். சிவகாசிப் படம் என்றார் ஒருவர். ஊரில் மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர் என்றார் இன்னொருவர். அவர்களில் சுவருக்கு வர்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் மட்டும் படத்துக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தார். லட்சுமியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது என்று காட்டினார். மற்றவர்கள் அன்றுதான் அதைக் கவனித்தார்கள்.

இப்படிப்பட்ட படங்களுக்கெல்லாம் மூலபுருஷர் ராஜா ரவிவர்மா. அவருடைய அச்சுக்கூடம் இருந்த இடம் ஹிஞ்சேவாடிக்குத் தொலைவில் இல்லை. சிஞ்ச்வடில் லோனாவலா லோக்கலில் ஏறினால், ஆகுர்டி, தேஹு ரோடு, தளேகாவ், காம்ஷேத் எல்லாம் தாண்டி, லோனாவலாவுக்கு முந்தின ஸ்டேஷன் மளவலி. அந்த மளவலியிலிருந்துதான் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் சாமி படங்கள் போயின.

கிளிமானூரில் பிறந்து, சென்னையில் புகழ் பெற்று, மளவலியில் அச்சடித்தவரின் கதை இது.

கரித்துண்டு

ரவிவர்மா 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவிதாங்கூர் நாட்டில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமையம்பா தம்புராட்டி. தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலவர்.

சிறு வயதில் அரண்மனைச் சுவரெல்லாம் கரித்துண்டால் கிறுக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வேறு மாமனாக இருந்தால் காதைத் திருகியிருப்பார். ரவிவர்மாவின் மாமா ராஜராஜவர்மாவோ தாமே ஓவியர். தஞ்சாவூர் பாணியில் படம் எழுதுகிறவர். கிறுக்கலில் இருந்த கோடு நடுங்காமல் ஓடியிருப்பதைக் கண்டு, மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

தஞ்சாவூர்ப் படம் நமக்குத் தெரிந்ததே. தெய்வம் நடுவில் பெரிதாக இருக்கும். சுற்றிலும் தெளிவான கோடு. கோட்டுக்குள் ஒரே சீரான நிறம். மேலே தங்க ரேக்கு, கல் பதிப்பு. அதில் நிழல் விழாது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அந்தப் படத்தில் கேட்கக்கூடாது.

ஓவியத்துக்கு அடிப்படையாக உள்ளவை ஆறேழு சங்கதிகளே. கோடு, வடிவம், திரட்சி, ஒளி நிழல், நிறம், மேற்பரப்பின் தன்மை, இடைவெளி. இவற்றில் கோடு, வடிவம், நிறம் மூன்றையும் மாமாவிடமே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. மீதியைப் படிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரவில் நடந்த பாடம்

1862-ல், 14 வயதில், மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். ஆயில்யம் திருநாள் மகாராஜா பையனுக்கு அரண்மனையில் இடம் கொடுத்தார்.

அப்போது திருவிதாங்கூரில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டத் தெரிந்தவர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். மதுரைக்காரர். அவரிடமிருந்து தண்ணீர் வர்ணத்தில் சிறிது தெரிந்துகொண்டார் ரவிவர்மா. எண்ணெய் வர்ணத்தின் ரகசியத்தை மட்டும் நாயக்கர் சொல்லித் தரவில்லை. தொழில் தெரிந்தவன் இன்னொருவன் வந்தால் தமக்குப் போட்டி என்று அவர் நினைத்திருக்கலாம்.

நாயக்கரின் உதவியாளராக ஆறுமுகம் பிள்ளை என்றொருவர் இருந்தார். அவர்தான், குருவுக்குத் தெரியாமல், இரவு நேரத்தில் வந்து ரவிவர்மாவுக்கு எண்ணெய் வர்ணம் குழைக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகிறது. ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் எதுவும் இன்று பேசப்படுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ரவிவர்மாவின் பாதை எவ்வளவு சுற்றாகியிருக்கும்!

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் எழுதத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்றுக்கொடுக்க இசையவில்லை. வேலை செய்யும்போது எட்ட நின்று பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார். ரவிவர்மா நின்று பார்த்தார். தூரிகை எங்கே முதலில் படுகிறது, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் ஏறுகிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, தம் அறைக்கு வந்து செய்து பார்த்தார். தவறினால் மறுபடியும் செய்தார்.

வெயில் எந்தப் பக்கம்?

எண்ணெய் வர்ணத்தில் என்ன அப்படி ரகசியம்?

தண்ணீர் வர்ணம் நொடியில் காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் காய நாள்கணக்காகும். ஈரம் இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் இழைத்துவிடலாம். கன்னத்தில் வெளிச்சம் படும் இடம், அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக் காதோரம் இருட்டாகும் இடம், இரண்டுக்கும் நடுவே கோடே தெரியாமல் கொண்டுபோகலாம். அந்த ஒளி நிழலால்தான் தட்டையான துணியில் உருண்டையான முகம் எழும்பி வருகிறது. இதுவே திரட்சி.

மாமா கற்றுக்கொடுத்த படத்தில் கோடு உருவத்தைக் காட்டியது. ஜென்சனின் படத்தில் வெளிச்சம் உருவத்தைக் காட்டியது. இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்தவர் ரவிவர்மா.

பட்டின் மினுமினுப்பு, பருத்தியின் சொரசொரப்பு, முத்தின் வழவழப்பு ஆகியவற்றைத் தொடாமலே கண்ணால் உணரச் செய்வது மேற்பரப்பின் தன்மை. ரவிவர்மாவின் பெண்கள் அணிந்திருக்கும் சேலையைப் பார்த்து, ஜரிகையின் கனத்தை நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

சென்னையில் தங்கப்பதக்கம்

1866-ல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பெண்ணை அவர் மணந்திருந்தார். 1870-ல் மூகாம்பிகை கோவிலுக்கு யாத்திரை போய்வந்த பிறகு, ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தின் படத்தை எழுதிக் கூலி வாங்கினார். அரச குடும்பத்தில் பிறந்தவர் கூலிக்குப் படம் எழுதுவது அந்நாளில் சாதாரண விஷயம் அல்ல.

1873-ல் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். கூந்தலில் பூச்சரம் சூடிக்கொள்ளும் நாயர் பெண். அதற்குக் கவர்னரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் அந்தப் படம் பரிசு பெற்றது. ரவிவர்மாவுக்கு அப்போது வயது 25.

மறு ஆண்டும் சென்னையில் அவருக்கே பதக்கம். இந்த முறை படத்தில் இருந்தவள் தமிழ்ப் பெண். நரம்பு வாத்தியம் வாசிக்கிறாள். 1875-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அந்தப் படம் அவருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. 1876-ல் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். அதைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைக்கு வாங்கினார்.

சகுந்தலையை அவர் பல முறை வரைந்தார். அதில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, நின்று திரும்பிப் பார்க்கிறாள். துஷ்யந்தன் படத்தில் இல்லை. ஆனால் அவளுடைய பார்வை போகும் திசையில் நம் கண்ணும் போகிறது. எழுதாத கோடு அது. அந்த வெற்றிடத்தில் துஷ்யந்தன் நிற்கிறான் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். கோட்டையும் இடைவெளியையும் இதைவிட எளிதாக விளக்க முடியாது.

கும்பகோணத்துக்காரர் சொன்ன யோசனை

திருவிதாங்கூரில் திவானாக இருந்த டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். பிறகு பரோடா சமஸ்தானத்துக்குத் திவானாகப் போனார். 1881-ல் சாயாஜிராவ் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது ரவிவர்மாவுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. தம்பி ராஜராஜவர்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். மாமாவின் பெயரே தம்பிக்கும். அவரும் நல்ல ஓவியர். அண்ணன் மனிதர்களை எழுத, பின்னணியில் மரமும் மலையும் வானமும் தம்பி எழுதுவதுண்டு.

பரோடா மன்னர் பின்னர் 14 புராணப் படங்கள் கேட்டார். ரவிவர்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தியா முழுவதும் ஏற்றுக்கொள்ளும்படி சீதைக்கும் தமயந்திக்கும் எந்த உடை போடுவது? ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கட்டு. அண்ணனும் தம்பியும் ரயில் ஏறி வடநாடெங்கும் சுற்றினார்கள். கடைசியில் சேலையே பொதுவான உடை என்று முடிவு கட்டினார்கள். இன்று நாம் சரஸ்வதியை நினைத்தவுடன் ஜரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை மனக்கண்ணில் தோன்றுவதற்கு இந்த முடிவே பெருங்காரணம்.

படங்களைப் பரோடா அரண்மனைக்கு அனுப்பும் முன், மும்பையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். அரண்மனைக்குள் போய்விட்டால் இந்தப் படங்களை இந்த ஜனங்கள் மறுபடி எங்கே பார்ப்பார்கள்?

ரவிவர்மா எத்தனை படம்தான் எழுத முடியும் என்று கணக்குப் பார்த்திருந்தார் மாதவராவ். படங்களை அச்சுப்போட்டுப் பரப்புவதே வழி என்று அவருக்கு எழுதியிருந்தார். அந்த யோசனை வளர்ந்தது.

கல்லில் பிரிந்த நிறங்கள்

1893-ல் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சிக்கு ரவிவர்மாவின் 10 படங்கள் போய்ப் பரிசு பெற்றன. அடுத்த ஆண்டு, 1894-ல், மும்பையில் அவருடைய அச்சுக்கூடம் திறக்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. வேலை தெரிந்த ஜெர்மானியர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு.

அந்தக் காலத்துக் கல்லச்சு வேலையைத் தெரிந்துகொண்டால் ஓவியத்தின் அடிப்படையே புரிந்துவிடும்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இந்த ஒன்றுதான் கல்லச்சின் சூத்திரம். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் படம் எழுதுவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். மை உள்ள இடத்தில் தண்ணீர் நிற்காது. மேலே அச்சு மையை உருட்டினால், எழுதிய இடத்தில் மட்டும் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார்.

ஒரு கல்லில் ஒரு நிறந்தான் வரும். ஆகவே படத்தைப் பிரிக்க வேண்டும். லட்சுமியின் சேலையில் உள்ள சிவப்பு மட்டும் ஒரு கல். நகையின் மஞ்சள் ஒரு கல். தண்ணீரின் நீலம் ஒரு கல். உடம்பின் நிறத்துக்குத் தனிக்கல், நிழலுக்குத் தனிக்கல். இப்படி ஒரே படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் வேண்டியிருக்கும். ரவிவர்மா தூரிகையால் இழைத்துச் சேர்த்ததை, கல் வேலைக்காரர் கண்ணால் பிரித்து எடுத்தார். கன்னத்தின் வளைவைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். புள்ளி நெருங்கினால் நிழல். விலகினால் வெளிச்சம்.

ஒவ்வொரு காகிதமும் எல்லாக் கற்களின் மீதும் வரிசையாக ஏறி இறங்கவேண்டும். ஒரு நூல் நகர்ந்தால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியின் நெசவு போலக் காகிதத்தில் வரி அழுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய் ஓவியம் போலவே தோன்றும்.

ஹிஞ்சேவாடி அறையில் நம் வர்ணத் தொழிலாளி கண்டுபிடித்த பிசகும் இதே ஜாதி. இன்று கல் போய்த் தகடு வந்திருக்கிறது. பல நிறங்களுக்குப் பதிலாக நான்கு மை. ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் லட்சுமியின் உதடு தள்ளித்தான் விழும்.

மளவலி

தொழில் நடத்துவது படம் எழுதுவதுபோல் அல்ல. 1896-ல் மும்பையைப் பிளேக் நோய் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் நகரத்தைக் காலி செய்து ஓடினார்கள். அச்சுக்கூடத்தைக் கடன் அழுத்தியது.

1899-ல் அச்சுக்கூடம் மளவலிக்கு மாறியது. மும்பையையும் புனேயையும் ரயில் பாதை 1863-லேயே மலை வழியாக இணைத்துவிட்டது. சரக்கு வரவும் படம் போகவும் ஸ்டேஷன் இருந்தது. தண்ணீரும் சுத்தமான காற்றும் இருந்தன. பின்னாளில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கேயும் ஆரம்ப காலத்தில் இந்த அச்சுக்கூடத்தோடு தொழில் தொடர்பு கொண்டிருந்தவர்தான்.

அப்படியும் கடன் தீரவில்லை. 20-ம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் ரவிவர்மா அச்சுக்கூடத்தை ஷ்லெய்ஷருக்கே விற்றுவிட்டார். படங்களை அச்சிடும் உரிமையும் கைமாறியது. வீட்டுக்கு வீடு லட்சுமியை அனுப்பியவரின் வீட்டில் லட்சுமி தங்கவில்லை. அச்சுக்கூடம் அவர் பெயரிலேயே தொடர்ந்து நடந்தது. 1972-ல் தீ விபத்தில் அழிந்தது.

கடைசி நாட்கள்

1904-ல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் அளித்தது. அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1905-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தம்பி ராஜராஜவர்மா காலமானார். கால் நூற்றாண்டாக ஒரே ரயில் பெட்டியில், ஒரே அறையில், ஒரே படத்தின் முன் இருந்தவர்கள். தம்பி போனபின் அண்ணன் உடைந்துபோனார். நீரிழிவு நோயும் வாட்டியது. அப்படியும் மைசூர் அரண்மனைக்கு ஒப்புக்கொண்ட வேலையை விடாமல் செய்தார்.

1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ரவிவர்மா காலமானார். வயது 58.

குறை சொன்னவர்கள்

அவர் மறைந்த பிறகு குறை சொன்னவர்கள் பலர். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடை நடிகர்கள் போல இருப்பதாகவும், இந்தியக் கலைக்குரிய கற்பனை அவற்றில் இல்லை என்றும் கருதினார். ஐரோப்பியரின் முறையைக் கடன் வாங்கியவர் என்ற பேச்சும் உண்டு.

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. சோழர் காலத்து நடராஜர் செப்புச் சிலையில் ஒரு வளைவு சொல்வதை, ரவிவர்மாவின் படத்தில் பத்து நகையும் பட்டுச் சேலையும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் பிறந்த திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோவிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவில் வாசலில் தடுக்கப்பட்டவன் கையில் மலிவு விலையில் ஒரு லட்சுமி படம் வந்து சேர்ந்தது. அவன் அதைத் தன் குடிசைச் சுவரில் மாட்டி, தன் கையால் சூடம் காட்டினான். யாரும் அவனைத் தடுக்க முடியவில்லை. 1936-ல் கோவில் நுழைவுப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள் மகாராஜா, ரவிவர்மாவின் பேத்தி பெற்ற பிள்ளை.

ரவிவர்மா தொடங்கிய வழியில்தான் நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் படங்கள் எழுதினார்கள். சிவகாசி அவற்றை அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது. 1971-ல் ரவிவர்மாவுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. 1979-ல் அவருடைய ஓவியங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதித்து, தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்தது.

நம் அறைச் சுவரில்

ஓவியம் படித்தவர்களுக்கு மட்டும் புரியும் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஹிஞ்சேவாடியில் படத்தின் பிசகைக் கண்டுபிடித்தவர் எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவர் அல்ல. எத்தனையோ சுவர்களுக்கு நிறம் கலந்த கண் அவருடையது. அவருடைய மகள் ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். நோட்டுப் புத்தகத்தில் பாடத்தைவிடப் படம்தான் அதிகம் என்று ஆசிரியர் கண்டிக்கிறாராம். ரவிவர்மாவின் மாமாவைப் பற்றி நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி வர்ணம் வாங்கிப் போவதாகச் சொன்னார்.

இன்று வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால், சுவரில் உள்ள படத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிழல் எங்கே விழுகிறது? நம் கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே? எந்த நிறம் முன்னால் வருகிறது, எது பின்னால் ஒதுங்குகிறது? ரவிவர்மா ஜென்சனின் முதுகுக்குப் பின்னால் நின்று தேடிய விடைகள் இவைதான். இதற்குக் கட்டணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் லோனாவலா லோக்கலில் ஏறி மளவலியில் இறங்கலாம். பக்கத்து மலைகளில் கார்லா, பாஜா குகைகள் உள்ளன. பாறையில் உளியால் இழுத்த கோடுகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. மழைக்காலத்தில் பாறை வழுக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு மலை ஏறுவது நல்லது.